பிரெஞ்சு கீபோர்டில் டாஸ் விளையாட்டுகள்: வைத்துக்கொள்ளலாமா, மாற்றிவிடலாமா?

லாஸ்பேட்டை வாசி · 8 ஜூன் 2025, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். என் மாமா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவ வீரர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று 1996இல் புதுச்சேரிக்குத் திரும்பியபோது, வந்த பெட்டிகளில் ஒரு கணினியும் இருந்தது. அந்தக் கணினி எப்போதோ எடைக்குப் போய்விட்டது. மாமாவும் இப்போது இல்லை. சென்ற வாரம் அத்தை பரணைச் சுத்தம் செய்தபோது, பழைய படுக்கை விரிப்பில் சுற்றிவைத்த ஒரு கீபோர்டும் இரண்டு பொத்தான் ஜாய்ஸ்டிக் ஒன்றும் கிடைத்தன. "உனக்குத்தான் இதில் ஆசை, எடுத்துக்கொண்டு போ" என்று கொடுத்துவிட்டார்.

கீபோர்டின் மேல்வரிசை ஏ, இசட், ஈ, ஆர், டி, ஒய் என்று தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரர்களின் அசெர்ட்டி வரிசை. வயரின் நுனியில் கட்டைவிரல் பருமனுள்ள வட்டச் செருகி, உள்ளே 5 முள். என்னிடம் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பென்டியம் 166 இருக்கிறது, விண்டோஸுக்கு முந்தைய இயக்க முறைமையான டாஸ் 6.22 போட்டிருக்கிறேன். அதன் பின்புறத்தில் இதே 5 முள் துளை. மாட்டினேன், பச்சை விளக்கு எரிந்தது. அந்த நிமிடம் எனக்கு மாமா வீட்டுக் கூடமே கண்முன் வந்துவிட்டது.

11 வயது மகளுக்கு நான் விளையாடியவற்றைக் காட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் மூன்று தொல்லைகள்.

ஒன்று: கணினி தொடங்கும்போது டாஸ் படிக்கும் ஆட்டோஎக்செக் கோப்பில் பிரெஞ்சு வரிசைக்கான கட்டளை போட்டிருக்கிறேன், டாஸில் எழுத்துகள் சரியாக வருகின்றன. டூம் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்குள் போய், சாகாவரம் தரும் ஐடிடிக்யூடி குறியீட்டைத் தட்டினால் ஒன்றும் நடப்பதில்லை.

இரண்டு: மிகப் பழைய ஒரு விளையாட்டில் அம்புக்குறி விசையைத் தொட்டாலே ஷிஃப்ட் விசையும் சேர்ந்து அழுந்தியதுபோல் ஆள் நடந்துகொள்கிறான்.

மூன்று: மேல் அம்பு, இடது அம்பு இரண்டையும் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் விசையைத் தட்டினால் குண்டு பாய்வதில்லை. விரலை ஒன்று எடுத்தால் பாய்கிறது.

ஜாய்ஸ்டிக்கும் சும்மா இருக்கும்போதே இடப்புறம் இழுக்கிறது. இவற்றோடு மல்லுக்கட்டுவதா, புதிதாக ஒன்று வாங்கிவிடுவதா?

உப்பளம் · 8 ஜூன், இரவு 9.50

அண்ணா, வாங்கிவிடுங்கள். டாஸ் விளையாட்டுகளைப் புதிய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் நிரலை நிறுவிக் கண்ட்ரோலும் எஃப்1-உம் சேர்த்து அழுத்தினால் எந்த விசையை எதற்கு வேண்டுமானாலும் மாற்றும் திரை வரும். ஒரு நல்ல யுஎஸ்பி கேம்பேட் போதும். குழந்தைக்குக் கையும் வலிக்காது. மாமாவின் கீபோர்டைக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள், உழைத்தது போதும்.

முதுநகர் மெக்கானிக் · 8 ஜூன், இரவு 11.25

தம்பி உப்பளம், அவசரப்படாதீர்கள். அவர் சொன்ன மூன்றில் ஒன்றுகூடக் கீபோர்டின் பழுது அல்ல. நான் கடலூர் முதுநகரில் இருபது வருடங்களுக்கு மேலாக இந்தப் பலகைகளைப் பிரித்து மாட்டுகிறவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விசையை அழுத்தும்போது கீபோர்டு கணினிக்கு எழுத்தை அனுப்புவதே இல்லை. அனுப்புவது ஓர் எண். அந்த எண் விசையின் இடத்துக்கு உரியது, அதன் தலையில் அச்சிட்ட எழுத்துக்கு உரியதல்ல. கணினிக்குள் வந்து சேரும்போது இடக்கோடி எஸ்கேப் 1. அமெரிக்க வரிசையான குவெர்ட்டியில் க்யூ இருக்கும் இடம் 16, டபிள்யூ இருக்கும் இடம் 17, ஏ இருக்கும் இடம் 30. விரலை எடுக்கும்போது அதே எண்ணோடு 128 கூட்டி வரும். ஆக 30 வந்தால் அழுத்தியாயிற்று, 158 வந்தால் விட்டாயிற்று. அந்த 30-ஐ "ஏ" என்று படிப்பதா "க்யூ" என்று படிப்பதா என்பதைக் கணினியில் ஓடும் நிரல்தான் முடிவு செய்கிறது. நீங்கள் ஆட்டோஎக்செக்கில் போட்ட பிரெஞ்சுக் கட்டளை செய்யும் வேலை அதுதான்.

ஆனால் விளையாட்டு எழுதியவர்களுக்கு எழுத்து தேவையில்லை. எந்த விசை இப்போது அழுந்தியிருக்கிறது, எது விடுபட்டது என்பதுதான் தேவை. டாஸ் தரும் எழுத்துக்காகக் காத்திருந்தால் விரலை எடுத்த கணம் தெரியாது. ஆகவே டூம் போன்றவை டாஸைத் தாண்டிப்போய் எண்ணை நேராகப் பிடித்துக்கொள்கின்றன. அமெரிக்க வரிசைப்படி தாங்களே பெயர்த்துக்கொள்கின்றன. உங்கள் பிரெஞ்சுக் கட்டளை அங்கே செல்லாது.

அசெர்ட்டியில் ஏ-யும் க்யூ-வும் இடம் மாறியவை, இசட்டும் டபிள்யூ-வும் அப்படியே. நீங்கள் "க்யூ" என்று எழுதிய விசையைத் தட்டும்போது டூம் "ஏ" என்று கேட்கிறது. அதனால் ஐ, டி, டி, ஏ, டி என்று தட்டிப் பாருங்கள். ஆயுதங்களெல்லாம் தரும் ஐடிகேஎஃப்ஏ குறியீட்டுக்குக் கடைசியில் க்யூ. ஆயுதம் மாற்ற எண் வரிசையில் ஷிஃப்ட் பிடிக்கவும் தேவையில்லை. பிரெஞ்சுப் பலகையில் எண் வர ஷிஃப்ட் வேண்டும், உண்மை. ஆனால் விளையாட்டுக்கு இடம்தான் கணக்கு. உச்சிக்குறியிட்ட "எ" இருக்கும் விசைதான் 2. அழுத்தினால் கைத்துப்பாக்கி வரும்.

ஒரு விளையாட்டு டாஸிடமிருந்து எழுத்தாகவே வாங்குகிறது, ஆகவே பிரெஞ்சு வரிசை இடைஞ்சல் செய்கிறது என்றால், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரிசை அமெரிக்கமாகிவிடும். எஃப்2 போட்டால் பிரெஞ்சு திரும்பும். கோப்பைத் திருத்த வேண்டியதே இல்லை.

இரண்டாவது தொல்லை: வலப்புற எண் பலகையை எண்களாக வேலை செய்ய வைக்கும் நம்லாக் விசையின் விளக்கு எரிகிறதா? அதை அணைத்துவிட்டு விளையாடுங்கள். காரணத்தை நாளை எழுதுகிறேன். கடை சாத்தும் நேரம் தாண்டிவிட்டது.

லாஸ்பேட்டை வாசி · 9 ஜூன், காலை 6.40

ஐயா, நம்லாக்கை அணைத்தேன். ஆள் ஒழுங்காக ஓடுகிறான்! இரவே எழுந்துபோய்ப் பார்த்தேன். ஐடிடிஏடி-யும் வேலை செய்கிறது. திரையில் அந்த வரி வந்ததும் மகளை எழுப்பிவிடலாமா என்று தோன்றியது, பள்ளி நாள் என்பதால் விட்டுவிட்டேன்.

அவள் பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படிக்கிறாள். உச்சிக்குறியிட்ட எழுத்துகள் விசையின் மேலேயே இருப்பதைப் பார்த்து நேற்று அவ்வளவு மகிழ்ச்சி. அதனால்தான் பிரெஞ்சு வரிசையை எடுக்க மனம் வரவில்லை.

முதுநகர் மெக்கானிக் · 9 ஜூன், பிற்பகல் 2.05

நம்லாக் கதை இது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டில் 83 விசைகள். தனி அம்புக்குறி கிடையாது, வலப்புற எண் பலகையின் 8, 4, 6, 2 தான் அம்புகள். பிறகு 101 விசைப் பலகை வந்தபோது அம்புகளுக்குத் தனி இடம் கிடைத்தது. பழைய நிரல்கள் குழம்பக் கூடாது என்பதற்காகப் புதிய மேல் அம்புக்கும் எண் பலகை 8-இன் அதே 72-ஐக் கொடுத்து, முன்னால் 224 என்ற அடையாள எண்ணை ஒட்டினார்கள். நம்லாக் எரியும்போது 72 வந்தால் அது "8" ஆகிவிடும் அல்லவா? அதைத் தடுக்க, அம்புக்கு முன்னால் கீபோர்டே ஒரு பொய் ஷிஃப்டை அனுப்பிவைக்கிறது; ஷிஃப்ட் சேர்ந்தால் அந்த 8 மறுபடி அம்பாகிவிடும். 224 என்றால் என்னவென்று அறியாத பழைய விளையாட்டு அந்த ஷிஃப்டை மெய்யென்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஆள் தடுமாறியது அதனால்தான்.

மஞ்சக்குப்பம் தட்டச்சு · 9 ஜூன், மாலை 5.30

நான் விளையாட்டுக்காரி அல்ல, தட்டச்சுக்காரி. மஞ்சக்குப்பத்தில் டிடிபி மையம் வைத்திருந்தேன், பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் விளையாடி வளர்ந்தார்கள். விரலைப் பற்றி யாரும் பேசவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் மையத்தில் டிவிஎஸ் கோல்டு கீபோர்டுகள். ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து நீல விசைகள், ஒவ்வொன்றின் அடியிலும் தனிச் சுருள்வில், தனி உலோகத் தொடுமுனை. விசை 4 மில்லிமீட்டர் கீழே போகும். ஆனால் பாதித் தூரத்திலேயே, சுமார் 2 மில்லிமீட்டரில், டக்கென்று ஒலித்து எழுத்து பதிந்துவிடும். அடி வரை இடிக்க வேண்டாம் என்று விரல் தானே கற்றுக்கொள்ளும். நாள் முழுக்கத் தட்டியும் எனக்கு மணிக்கட்டு வலி வந்ததில்லை.

ஆனால் என் சின்ன மகன் அதில் விளையாட மாட்டான். ஒரே விசையைப் படபடவென்று தட்டும் ஓட்டப் பந்தய விளையாட்டில் அவன் எப்போதும் ரப்பர் குமிழ் வைத்த மலிவுக் கீபோர்டைத்தான் எடுப்பான். பிடிவாதம் என்று நினைத்தேன். பிறகு ஒரு விசையைக் கழற்றி, கண் அருகே வைத்து, மெல்ல மெல்ல அழுத்திப் பார்த்தேன். நீல விசையில் எழுத்து பதியும் இடம் வேறு, மீண்டும் பதியத் தயாராகும் இடம் வேறு. உள்ளே ஒரு சின்ன வெள்ளைத் துண்டு கீழே குதித்துத்தான் அந்த டக் ஒலி. அது மறுபடி மேலேறி உட்காராமல் அடுத்த தட்டு எண்ணிக்கையில் சேராது. ஆகவே ஒவ்வொரு தடவையும் விரலைக் கூடுதலாகத் தூக்க வேண்டும். எழுத்துக்கு அது வரம், அவன் பந்தயத்துக்குத் தடை. பையன் சொன்னது சரி.

விலை உயர்ந்தது எல்லாவற்றுக்கும் நல்லது என்று யாரும் வாங்கிவிடக் கூடாது. அந்த விளையாட்டு விரலிடம் என்ன கேட்கிறது என்று பார்த்துத்தான் கீபோர்டை எடுக்க வேண்டும்.

ஆர்லியான்பேட்டை · 9 ஜூன், இரவு 10.15

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். 2003 முதல் 2009 வரை நான் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். மணிக்கு 15 ரூபாய். கீபோர்டு எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே வந்தவன் என்ன விளையாடினான் என்று சொல்லிவிடுவேன். டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கும் வழவழத்திருந்தால் கவுன்டர் ஸ்ட்ரைக். இடது கண்ட்ரோலின் மூலை மழுங்கியிருந்தால் டேவ் என்ற பழைய டாஸ் விளையாட்டு.

மூன்றாவது விசை வேலை செய்யாத தொல்லையை நான் பார்த்ததுபோல் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கோடை விடுமுறையில் ஒரே நாற்காலியில் இரண்டு பிள்ளைகள், ஒரே கீபோர்டில் இருவர் மோதும் விளையாட்டு. ஒருவன் இடப்பக்கம், ஒருவன் அம்புக்குறிப் பக்கம். "அவன் என் விசையை அமுக்குகிறான்" என்று சண்டை வரும். பார்த்தால் யாரும் யாருடைய விசையையும் தொட்டிருக்க மாட்டார்கள்.

நூறு விசைக்கு நூறு கம்பி இழுக்க முடியாது. ஆகவே உள்ளே கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டில் பின்னல்போல் போகின்றன. விசையை அழுத்தினால் ஒரு குறுக்குக் கம்பியும் ஒரு நெடுக்குக் கம்பியும் தொட்டுக்கொள்ளும். ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் மின்சாரம் சுற்றிக்கொண்டுபோய் நான்காவது மூலையும் அழுந்தியதுபோல் தெரியும். யாரும் தொடாத பேய் விசை. அது வரக் கூடாது என்று கீபோர்டின் சிப் சந்தேகமான மூன்றாவது விசையை வேண்டுமென்றே விட்டுவிடுகிறது. லாஸ்பேட்டைக்காரரின் குண்டு பாயாததற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு விசைக்கும் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று வைத்தால் தீரும், விலை ஏறும். 1985இல் வந்த ஐபிஎம்மின் மாடல் எம், தட்டச்சு உணர்வுக்குப் பெயர் போனது. அதிலும் இரண்டு விசைகளுக்குத்தான் உத்தரவாதம், மூன்றாவது அமைவதைப் பொறுத்தது.

ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் மூன்றும் மற்ற விசையோடு சேர்த்து அழுத்துவதற்கென்றே உள்ளவை. ஆகவே அவற்றைப் பெரும்பாலும் இந்தப் பின்னலில் மோதாத இடத்தில் வைத்திருப்பார்கள். அவை அழுந்தியிருக்கின்றனவா என்பதைக் கணினியின் அடிப்படை நிரலான பயாஸும் நினைவகத்தில் தனியே குறித்து வைக்கிறது. டேவில் கண்ட்ரோல் சுடுகிறது, ஆல்ட் ஜெட்பேக்கை எழுப்புகிறது. டூமில் கண்ட்ரோல் சுடுகிறது, ஆல்ட் பக்கவாட்டில் நகர்த்துகிறது, ஷிஃப்ட் ஓட வைக்கிறது. அந்தக் காலத்து விளையாட்டு எழுதியவர்கள் கீபோர்டின் உள்வயிற்றை அறிந்தவர்கள்.

ஆகவே லாஸ்பேட்டைக்காரரே, ஸ்பேஸில் சுடாதீர்கள். சுடுவதைக் கண்ட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், விண்டோஸில் பழைய விளையாட்டு ஓட்டுகிறவர்களுக்கு உதவும். என் சென்டரில் ஒரு பையன் டேவ் விளையாடும்போது திரை தலைகீழாகிவிட்டது. அவன் அழுதேவிட்டான், கணினியை உடைத்துவிட்டோம் என்று. சில கணினிகளின் திரை இயக்கியில் கண்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி மூன்றும் சேர்ந்தால் திரையைச் சுழற்றும் குறுக்குவழி இருந்தது. டேவில் அந்த மூன்றும்தானே ஆட்டம்! அந்தக் குறுக்குவழியை எல்லாக் கணினியிலும் அணைத்துவைத்தேன். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸ் பெட்டியையும் அப்படியே.

லாஸ்பேட்டை வாசி · 10 ஜூன், இரவு 8.55

கண்ட்ரோலுக்கு மாற்றினேன். மேல், இடது, கண்ட்ரோல் மூன்றும் ஒன்றாக வேலை செய்கின்றன. மூன்று நாள் தலைவலி ஒரே விசையில் தீர்ந்துவிட்டது, நன்றி.

அதிகம் உபயோகிக்காத சில விசைகள் மட்டும் இரண்டு மூன்று தட்டுக்கு ஒரு முறைதான் பேசுகின்றன. பிரித்துத் துடைக்கலாமா? பயமாக இருக்கிறது.

முதுநகர் மெக்கானிக் · 10 ஜூன், இரவு 10.30

பிரிக்கலாம். நம் ஊரில் கட்டாயம் பிரிக்க வேண்டும். கடற்காற்றில் உப்பு இருக்கிறது, பரணில் பல வருடம் கிடந்த பொருளில் அது படியாமல் இருக்காது.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த பொங்கல் வரை என் கடையில் வந்து குவிந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. மழைநீர் மட்டும் புகுந்தவை காய்ந்ததும் பிழைத்தன. கடல்நீர் தெறித்தவை காய்ந்த பிறகுதான் சாகத் தொடங்கின. உப்பு ஈரத்தை இழுத்து இழுத்து உலோகத்தைத் தின்கிறது. ஆகவே உப்பு பட்ட பொருளை முதலில் நல்ல தண்ணீரால் துடைத்து உப்பை எடுக்க வேண்டும், அதற்குப் பிறகே காயவைக்க வேண்டும். எடுத்தவுடன் வெயிலில் வைத்தால் உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

உங்களுடையதைத் திருகாணி கழற்றித் திறந்தவுடன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விசைத் தலைகளை ஒவ்வொன்றாக நேர் மேலே தூக்குங்கள், பக்கவாட்டில் நெம்பினால் கழுத்து முறியும். தலைகளை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். ஸ்பேஸ், ஷிஃப்ட், என்டர் போன்ற நீள விசைகளுக்கு அடியில் கம்பித் தாங்கி இருக்கும், அது எந்தக் கொக்கியில் மாட்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். திரும்ப மாட்டும்போது எல்லோரும் திணறுவது அங்கேதான்.

உள்ளே கண்ணாடித்தாள்போல் மூன்று படலங்கள் இருந்தால், அவற்றில் கோடுகள் அச்சிட்டவை. ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஆல்கஹால் வேண்டாம், கோடே பெயர்ந்து வரலாம். ஆல்கஹால் உலோகத் தொடுமுனை உள்ள விசைகளுக்கு. வயரின் நுனியில் 5 முள்ளும் களிம்பேறிப் பச்சையாக இருக்கும், பென்சில் அழிப்பானால் மினுங்கும் வரை தேய்த்தால் போதும்.

கணினி ஓடும்போது கழற்றி மாட்டும் பழக்கம் வேண்டாம். இந்த 5 முள் செருகியும் அதற்குப் பிந்தைய 6 முள் பிஎஸ்/2-உம் யுஎஸ்பிபோல அல்ல. மதர்போர்டில் கீபோர்டுக்கு மின்சாரம் தரும் ஃபியூஸ் போய்விட்டால் மறுபடி கடைதான்.

திருப்பாப்புலியூர் · 11 ஜூன், காலை 10.20

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் இதே 5 முள் கீபோர்டு ஒன்று உள்ளது. அடியில் எக்ஸ்டி, ஏடி என்று எழுதிய சின்ன சுவிட்ச். புதிய கணினியில் யுஎஸ்பிக்கு மாற்ற முடியுமா?

முதுநகர் மெக்கானிக் · 11 ஜூன், காலை 11.00

சுவிட்சை ஏடி பக்கம் தள்ளுங்கள். எக்ஸ்டி, ஏடி இரண்டும் ஐபிஎம்மின் பழைய கணினி வகைகள். இரண்டுக்கும் செருகி ஒன்றுதான், பேசும் முறை வேறு. ஏடியும் பிஎஸ்/2-உம் பேசுவது ஒரே மொழி, ஆகவே 5 முள்ளில் இருந்து 6 முள்ளுக்குச் சாதாரண இணைப்பி போதும். அங்கிருந்து யுஎஸ்பிக்குப் போகத்தான் உள்ளே சிப் உள்ள மாற்றி தேவை. கடையில் கிடைக்கும் ஊதா நிறக் குட்டி இணைப்பியில் சிப் கிடையாது, இரண்டு மொழியும் தெரிந்த கீபோர்டுக்கு மட்டுமே அது வேலை செய்யும். வாங்கி ஏமாறாதீர்கள்.

உப்பளம் · 11 ஜூன், இரவு 9.05

மெக்கானிக் அண்ணா, நீங்கள் எழுதியதெல்லாம் படித்தேன், மதிக்கிறேன். ஆனாலும் என் கட்சியை விட்டுக்கொடுக்க முடியாது. எனக்கு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அம்புக்குறியில் மூன்று விசை பிடிப்பது எனக்கு ஆகாத காரியம். கேம்பேட் வந்த பிறகுதான் நான் பழைய விளையாட்டுகளையே முடித்தேன். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா விளையாட்டில் அந்த 60 நிமிடக் கெடுவுக்குள் கடைசிக் கதவைத் தாண்டியது கேம்பேடால்தான்.

அதற்கு நான் கண்டுகொண்ட முறை: அதில் அனலாக் குச்சியைத் தொடவே கூடாது, சிலுவை வடிவப் பொத்தானைத்தான் பயன்படுத்த வேண்டும். விளிம்பில் ஒரே ஓர் அடி எடுத்துவைக்க ஷிஃப்டும் திசையும் சேர வேண்டும். குச்சி பாதி சாய்ந்து மூலைவிட்டமாகப் போனால் இளவரசன் குதித்து முள்ளில் விழுந்துவிடுவான். ஷிஃப்டை இடது தோள்பட்டைப் பொத்தானுக்குக் கொடுத்தேன். பெருவிரல் திசைக்கு, சுட்டுவிரல் கவனமான அடிக்கு. பிடித்துக்கொண்டு நகரும்போது உண்மையாகவே மூச்சை அடக்கி நடப்பதுபோல் இருக்கிறது.

விண்டோஸ் விளையாட்டுகளுக்கும் ஒன்று. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்த பின் வந்த பேடுகள் எக்ஸ்இன்புட் முறை பேசுகின்றன. அதற்கு முந்தைய விளையாட்டுகள் டைரக்ட்இன்புட் என்ற பழைய முறையை மட்டுமே அறிந்தவை. அவற்றில் பேடின் முன்விளிம்பில் விரலால் இழுக்கும் இரண்டு ட்ரிகர்களும் ஒரே அச்சாகத் தெரியும். கார் பந்தயத்தில் முடுக்கியையும் பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அந்த இரண்டையும் சாதாரணப் பொத்தான்களுக்கு மாற்றினால் போதும்.

மஞ்சக்குப்பம் தட்டச்சு · 11 ஜூன், இரவு 9.40

தம்பி, இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே. கைக்கு ஏற்றதுதான் கருவி. என் மாணவி ஒருத்திக்கு ஒரு கைதான். அவள் ஷிஃப்டுக்குக் காலால் அழுத்தும் தையல் இயந்திர மிதிபோல் ஒன்றை அவள் அண்ணன் செய்துகொடுத்தான். மாணவர்களில் அவள்தான் பிழையே விடாதவள்.

முதுநகர் மெக்கானிக் · 12 ஜூன், பிற்பகல் 1.45

உப்பளம் தம்பி, "அவசரப்படாதீர்கள்" என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜாய்ஸ்டிக் பாக்கி இருக்கிறது. சவுண்டு கார்டின் பின்னால் இருக்கும் 15 துளைச் செருகிதான் கேம்போர்ட். ஜாய்ஸ்டிக்கின் உள்ளே இரண்டு சுழல் மின்தடைகள், ஒவ்வொன்றும் 1 லட்சம் ஓம். பழைய ரேடியோவின் ஒலிக்குமிழ்போலத்தான். கணினி அதன் மதிப்பை அளப்பதில்லை, நேரத்தை எண்ணுகிறது. ஒரு சிறு மின்தேக்கியை அந்தத் தடை வழியாக நிறையவிட்டு, நிறையும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிரல் எண்ணிக்கொண்டே நிற்கிறது. குச்சி ஒரு கோடியில் இருந்தால் 24 மைக்ரோ விநாடி, மறுகோடியில் இருந்தால் ஏறக்குறைய 1,100 மைக்ரோ விநாடி. வேகமான கணினி அதே நேரத்தில் அதிகம் எண்ணிவிடும். அதனால்தான் ஒவ்வொரு விளையாட்டும் "குச்சியை மேல் இடது மூலைக்குக் கொண்டுபோ, பொத்தானை அழுத்து" என்று தொடக்கத்தில் கேட்கிறது. கணினியை மாற்றினால் மறுபடி அதைச் செய்தே ஆக வேண்டும்.

உங்களுடையது இடப்புறம் இழுக்கிறது என்றால் முதலில் குச்சியின் அடியில் சின்னச் சக்கரம் இருக்கிறதா பாருங்கள். நடுவை நகர்த்தும் திருகு அது. அதைத் திருகியும் நடு நிற்காமல் நடுங்கினால் தடையின் உள்ளே தூசி. கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு பீச்சிக் குச்சியை இருபது முப்பது தடவை கோடிக்குக் கோடி சுழற்றுங்கள்.

புதிய கணினிகளில் இந்தத் துளையே இல்லை, விண்டோஸும் விஸ்டாவோடு ஆதரவை நிறுத்திவிட்டது. யுஎஸ்பிக்கு மாற்ற விரும்பினால் ஆர்டுயினோ புரோ மைக்ரோ என்ற நிரல் எழுதக்கூடிய சின்னப் பலகை போதும். ஒன்று மட்டும்: ஜாய்ஸ்டிக்கில் அந்தத் தடையின் மூன்று கால்களில் இரண்டுக்குத்தான் வயர் போயிருக்கும். மூன்றாவது காலை மின்சுற்றின் தரைக்கு (கிரவுண்டு) இணைத்துவிட்டால் குச்சி பாதி போகும்போது அளவும் பாதி காட்டும். அதைச் செய்யாமல் வெளியே ஒரு தடை மட்டும் வைத்தால் நடுவில் ஒரு வேகம், ஓரத்தில் ஒரு வேகம் என்று கோணலாகப் போகும். பந்தய விளையாட்டில் உடனே தெரியும்.

லாஸ்பேட்டை வாசி · 15 ஜூன், இரவு 10.10

ஞாயிற்றுக்கிழமை முழுதும் இதே வேலை. காலையில் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சின்னத் திருப்புளி செட் ஒன்று வாங்கிவந்தேன். மகள்தான் விசைத் தலைகளைக் கழற்றினாள். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் அதனதன் இடத்தில் வரிசையாக வைத்தாள். இசட் விசையின் அடியில் ஓர் அரிசி அளவுக்கு மஞ்சள் ரொட்டித் துணுக்கு. மாமா காலையில் ரொட்டி தின்றுகொண்டேதான் கணினி முன் உட்காருவார். அத்தையிடம் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "அதைத் தூக்கிப் போட்டுவிடாதே" என்றார். ஒரு மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன்.

முள்களை அழிப்பானால் தேய்த்தேன். எல்லா விசைகளும் இப்போது முதல் தட்டிலேயே பேசுகின்றன. ஸ்பேஸின் கம்பித் தாங்கிக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது, படம் எடுத்துவைக்கச் சொன்னது உயிரைக் காத்தது.

மகள் பிரெஞ்சு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி கோடு போட்டு, இடப்பக்கம் "விசையில் எழுதியிருப்பது", வலப்பக்கம் "விளையாட்டு கேட்பது" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். ஏ என்றால் க்யூ, இசட் என்றால் டபிள்யூ, எல்லுக்கு வலப்புறம் இருக்கும் எம் என்றால் அரைப்புள்ளி. இந்தக் கடைசி ஒன்றை நானே கவனிக்கவில்லை.

ஜாய்ஸ்டிக்கில் சக்கரம் இருக்கிறது, திருகியும் நடுங்குகிறது. கான்டாக்ட் கிளீனர் இங்கே கிடைக்கவில்லை. ஐயா, அடுத்த ஞாயிறு கடலூர் வந்தால் கடை திறந்திருக்குமா?

முதுநகர் மெக்கானிக் · 15 ஜூன், இரவு 10.45

ஞாயிறு மதியம் ஒரு மணி வரை இருப்பேன். கிளீனர் இருக்கிறது. குழந்தையையும் அந்த நோட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன்.

உப்பளம் · 15 ஜூன், இரவு 11.00

நானும் வருகிறேன், அண்ணா. புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் காலை 9 மணிக்கு நிற்கிறேன். அந்த கீபோர்டை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும், முடிந்தால் எடுத்து வாருங்கள்.